பதிலி

கீழே போனவர்கள், கடல் கடந்தவர்கள் – 17

2006 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. பெர்லினில் ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டம் என்றால் நமக்குப் பதினொன்றரை. மறுநாள் விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் தூங்கியிருக்க வேண்டிய நேரம். கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டனில் எங்கள் வரிசையில் டி.வி. இருந்த வீடுகளில் எல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இத்தாலியும் பிரான்ஸும். சுரங்கம் மூடி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ராத்திரி ஷிப்ட் பழகிய உடம்புகளுக்கு அந்த நேரத்தில் தூக்கம் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் பெரியப்பா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர், சாம்பியன் ரீஃபில் கால் நூற்றாண்டு அண்டர்கிரவுண்டில் இருந்தவர், நாற்காலியை டி.வி.க்கு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன் திரையில் பெயர்ப் பட்டியல் ஓடியது. நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு பெயரில் அவர் கையைத் தூக்கினார்.

"இன்னாடா பேரு அது? தொரசாமி மாதிரி கீது?"

"தோராசூ, பெரியப்பா. விகாஷ் தோராசூ."

"நம்மாளா?"

"மொரீசியஸ் குடும்பமாம். இந்தியாவுலேர்ந்து போனவங்களாம்."

"ஆட்றானா?"

"இல்ல. வெளிய உக்காந்துகினு கீறான்."

"பதிலியா," என்றார் பெரியப்பா. கேள்வியாகக் கேட்கவில்லை.

அந்தச் சொல் அன்று ராத்திரி பிரான்ஸின் ஜிடான் ஆட்டத்தில் போட்ட தலைமுட்டலைவிட அதிகமாக என் மனதில் நின்றுவிட்டது. மில் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பதிலி யாரென்று விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் வந்து நிற்பான். நிரந்தரத் தொழிலாளி எவனாவது வரவில்லை என்றால் மேஸ்திரி கையைக் காட்டுவார். அன்றைக்குக் கூலி உண்டு. எல்லோரும் வந்துவிட்டால் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அவனுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூப்பிடவும் மாட்டார்கள்.

இந்த வாரம் அந்தப் பதிலியின் கதை.

சென்ற அத்தியாயத்தை வட ஆற்காட்டு, சித்தூர்க் கிராமங்களில் நிறுத்தியிருந்தேன். ஆள் பிடிக்க வந்த மேஸ்திரிகளுக்குப் பின்னால் புறப்பட்டவர்களுக்கு இரண்டு திசைகள் இருந்தன: ஒன்று கிழக்கே கடல், இன்னொன்று மேற்கே கோலார் மேட்டு நிலம். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்த வழிகள் அல்ல. கடல் வழி பழையது. 1834 நவம்பர் 2ஆம் தேதி 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் மொரீசியஸில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிந்துகொண்டிருந்த வருஷம் அது. கரும்புத் தோட்டங்களுக்கு மலிவான கைகள் தேவைப்பட்டன. ஐந்து வருஷ ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய், அரிசி, துணி. அதன் பிறகு கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் அந்தத் தீவில் இறங்கியிருக்கிறார்கள். கல்கத்தாவிலிருந்து போனவர்கள் அதிகம். மதராஸிலிருந்து போன தமிழரும் தெலுங்கரும் கணிசம். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் கோலாருக்கு வந்து ஆழத் தோண்ட ஆரம்பித்தபோது மொரீசியஸின் பசி பெரும்பாலும் அடங்கியிருந்தது. ஆக, கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வயதில் இருந்தவர்கள்தான் இங்கே கேஜில் இறங்கினார்கள்.

மொரீசியஸில் தெலுங்கரை 'கொரங்கி' என்பார்கள். கோதாவரி முகத்துவாரத்தில் இருந்த கோரிங்கா துறைமுகத்தின் பெயர் அது. 1839 புயலில் கடல் ஏறி வந்து அந்தத் துறைமுகத்தையே அழித்துவிட்டது. துறைமுகம் போய்ச் சேர்ந்தது, பெயர் மட்டும் இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் ஒரு சாதிப் பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டது. விகாஷ் தோராசூவின் முன்னோர் இந்தத் தெலுங்கர் வழி. பெரியப்பா அவரைத் தமிழர் என்று நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. கோலாரில் தமிழனும் தெலுங்கனும் ஒரே ஷிப்டில் இறங்கி ஒரே பாறை வெடிப்பில் செத்திருக்கிறார்கள். மொரீசியஸிலும் காவடிக்கும் உகாதிக்கும் அரசு விடுமுறை உண்டு. ஆனாலும் பங்காளிச் சண்டை இல்லாமலா? 1998இல் அங்கே புதிதாக அச்சடித்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்துக்கு முன்னால் இந்தியைப் போட்டுவிட்டார்கள் என்று தமிழர்கள் தெருவில் இறங்க, அரசு நோட்டுகளையே திரும்பப் பெற்றது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் வாரிசுகள், எழுதப்படும் வரிசையில் தங்கள் இடத்துக்காக நின்றார்கள். நமக்கு இது புரியும்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதியை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும். மொரீசியஸ் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வராதவனுக்கு இரண்டு நாள் கூலி பிடிக்கப்படும். 'இரட்டை வெட்டு' என்று பெயர். ஒவ்வொருவனுக்கும் ஓர் எண், ஒரு சீட்டு. 1860களிலிருந்து போட்டோவும். சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே நடமாடினால் நாடோடிச் சட்டத்தில் உள்ளே போவான். கோலாரில் 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிய வேண்டும் என்று கம்பெனி கிளம்பியபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள் என்பதை இந்தத் தொடரின் ஒன்பதாவது அத்தியாயத்தில் பார்த்தோம். ஆளை எண்ணாக்குவது எங்கே போனாலும் ஒரே தொழில்நுட்பம்தான்.

மொரீசியஸ் 1968 மார்ச் 12இல் விடுதலை பெற்றது. தீவில் வேலை போதவில்லை. அந்தக் காலத்தில் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் குடிபெயர்ந்தவர்கள் ஏராளம். தோராசூ குடும்பம் பிரான்ஸின் வட கரையில் லெ ஹாவ்ர் பக்கம் போய்ச் சேர்ந்தது. 1973 அக்டோபர் 10இல், லெ ஹாவ்ரை ஒட்டிய அர்ஃப்ளூரில் விகாஷ் பிறந்தான். லெ ஹாவ்ர் துறைமுகப் பட்டணம். இரண்டாம் உலகப் போரில் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கி, பிறகு கான்கிரீட்டில் திரும்பக் கட்டிய ஊர். மேட்டுப் பகுதியில் கோக்ரியோவில் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. தொழிலாளிகளும் குடியேறியவர்களும் வாழும் இடம். பையன் வளர்ந்தது அங்கே.

அந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. பிரான்ஸின் மிகப் பழைய கால்பந்து கிளப் தங்களுடையது, 1872இல் தொடங்கியது என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். தொடங்கியவர்கள் ஆங்கிலேயர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்த ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பழைய மாணவர்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் நீலத்தையும் சேர்த்துச் சட்டை தைத்துக்கொண்டார்கள். கோலாரில் கார்ன்வால் துரைமார்கள் பந்தைக் கொண்டுவந்து இறக்கியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. துரை ஆடுவான், வேலைக்காரன் வெளியே போன பந்தை எடுத்துப் போடுவான், பத்து வருஷத்தில் எடுத்துப் போட்டவன் துரையைவிட நன்றாக ஆடுவான்.

விகாஷ் அந்தக் கிளப்பின் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்து, 1993இல் முதல் அணிக்கு வந்தார். உயரம் ஒரு மீட்டர் அறுபத்தெட்டு சென்டிமீட்டர். ஐரோப்பிய நடுக்களத்தில் இது பள்ளிக்கூடப் பையனின் உயரம். ஆடியது நடுக்களத்தில். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் 'ஆஃப் பேக்' என்றுதான் சொல்வார்கள்.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கோல் போடுகிறவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். கோல் காக்கிறவன் விட்டாலும் பெயர் வரும், பிடித்தாலும் வரும். நடுவில் ஆடுகிறவன் என்ன செய்தான் என்று கேட்டால் பார்த்தவனுக்கே சொல்லத் தெரியாது. பின்னாலிருந்து பந்தை வாங்குவான், அரைச் சுற்றுத் திரும்புவான், ஆள் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பான், கொடுத்துவிட்டு நிற்காமல் அடுத்து வாங்கும் இடத்துக்கு நகர்வான். ஓர் ஆட்டத்தில் இதையே எழுபது எண்பது தடவை செய்வான். சுரங்கத்தில் துளை போடுகிறவனுக்கு ஒரு கெத்து உண்டு, வெடி வைக்கிறவனுக்கு அதைவிட அதிகம். உடைந்த கல்லை ட்ராலியில் அள்ளிப்போட்டு ஷாஃப்ட் வரை தள்ளிக்கொண்டு போகிறவனைப் பற்றிக் கதை கிடையாது. அவன் ஒரு மணி நேரம் நின்றால் கீழே அத்தனையும் நிற்கும். தோராசூ ட்ராலி தள்ளுகிற ஆட்டக்காரர். சின்னச் சின்னப் பாஸ்கள், இடுப்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் போகும் திருப்பம், அவசரப்படாத கால். அவசரப்படாததைச் சில பயிற்சியாளர்கள் நிதானம் என்றார்கள், சிலர் மந்தம் என்றார்கள். அவருடைய பிழைப்பு முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் ஓடியது.

1998இல் லியோன் அணி அவரை வாங்கியது. அந்த வருஷம் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றிருந்தது. நாடே நடுக்களத்தில் ஜிடானைத் தவிர வேறு யாரையும் பார்க்காத காலம். 1999இல் தேசிய அணிக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். அதோடு சரி, ஐந்து வருஷம் அழைப்பே இல்லை. லியோனிலும் இடம் நிலையாக இல்லாமல் 2001இல் போர்தோ அணிக்கு ஒரு வருஷக் கடனாக அனுப்பினார்கள். கால்பந்துத் தொழிலில் 'கடன்' என்பது ஆளைக் குறிக்கும் சொல். அங்கே போய் லீக் கோப்பையை வென்று திரும்பினார். திரும்பியவரைப் பயிற்சியாளர் பால் லெ குவென் நடுவில் நிறுத்தினார். 2003, 2004 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் லியோன் பிரான்ஸ் சாம்பியன். அவருடைய ஆட்டத்தை ஒரே ஒரு வருஷம் பார்க்கக் கிடைக்கும் என்றால் 2003–04ஐத்தான் பார்ப்பேன்.

முப்பது வயதில் ஒப்பந்தம் முடிந்து, 2004இல் இத்தாலிக்குக் கிளம்பினார். ஏ.சி. மிலான். இங்கேதான் எனக்கு அவர்மேல் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. அந்த அணியின் நடுக்களத்தில் அப்போது பிர்லோ, கத்தூசோ, செடோர்ஃப், ருய் கோஸ்டா, அம்ப்ரோசினி, அவர்களுக்கு முன்னால் காகா. நாற்காலிகள் எல்லாம் நிரம்பிய வீட்டுக்கு விருந்துக்குப் போன மாதிரி. போனவர் சொற்ப ஆட்டங்களே ஆடினார். 2005 மே 25, இஸ்தான்புல்: ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். இடைவேளையில் மிலான் மூன்று கோல் முன்னிலை. இடைவேளைக்குப் பிறகு ஆறு நிமிடத்துக்குள் லிவர்பூல் மூன்றையும் திருப்பிப் போட்டது. கடைசியில் பெனால்டியில் மிலான் தோற்றது. கால்பந்து உலகம் இன்றும் பேசும் ஆட்டம். பயிற்சியாளர் ஆஞ்செலோட்டி மூன்று மாற்று ஆட்டக்காரர்களை இறக்கினார். தோராசூ பெஞ்சில் இருந்தார். அந்த மூவரில் அவர் இல்லை. நடுக்களம் கையைவிட்டுப் போன அந்த ஆறு நிமிடத்தில் பந்தைக் காலடியில் வைத்து ஆட்டத்தை ஆறப்போடத் தெரிந்த ஒருவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இது ரசிகனின் புலம்பல், வரலாறு அல்ல. விட்டுவிடலாம்.

அந்த வருஷமே பிரான்ஸுக்குத் திரும்பி பாரி சாங் ஜெர்மனில் சேர்ந்தார். தேசிய அணியிலும் காற்று திரும்பியிருந்தது. புதிய பயிற்சியாளர் ரேமோன் தோமெனெக் 2004இல் அவரை மறுபடி அழைத்திருந்தார். 2005 அக்டோபர் 12, சைப்ரஸுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டம், நான்குக்குப் பூஜ்யம், அதில் ஒரு கோல் தோராசூவுடையது. பிரான்ஸுக்காக அவர் போட்ட ஒரே கோல். அந்த ஆட்டத்தோடு பிரான்ஸ் உலகக் கோப்பைக்குப் போனது. 2006 ஏப்ரல் 29இல் பிரெஞ்சுக் கோப்பை இறுதி, பரம எதிரி மார்செய்க்கு எதிராக. தூரத்திலிருந்து அவர் அடித்த பந்து வலைக்குள் போய் பாரிஸுக்கு 2–1 வெற்றி. ஆறு வாரத்தில் உலகக் கோப்பை. முப்பத்திரண்டு வயது. சட்டை எண் 8. இதைவிட நல்ல நேரத்தில் ஒருவர் ஜெர்மனிக்கு ரயிலேற முடியாது.

ஒரு கிளைக் கதை. பிரான்ஸுக்கும் நம் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கும் பழைய கணக்கு உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெரிய ஆட்டம் பிரான்ஸோடுதான். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1–2 என்று தோற்றோம். அந்த ஒரு கோலைப் போட்டவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். 1960இல் ரோமில் அதே பிரான்ஸை 1–1 என்று நிறுத்திவைத்தோம். ராமன் பெங்களூரில் ஆடிப் பழகிய காலத்தில் கோலாரிலிருந்து பெங்களூர் வரை ஆட்டம் பார்க்க ரயிலேறிப் போனவர்கள் உண்டு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்திய ரத்தம் பிரான்ஸ் சட்டையில் உலகக் கோப்பைக்குப் போகிறது என்றதும் எங்கள் வரிசையில் விளக்கு எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உலகக் கோப்பைக்கு வருவோம். முதல் ஆட்டம் ஸ்விட்சர்லாந்தோடு, கோல் இல்லாத சமன். இரண்டாவது தென் கொரியாவோடு, ஒன்றுக்கு ஒன்று. இரண்டிலும் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் தோராசூவை இறக்கினார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு டோகோ, ஸ்பெயின், பிரேசில், போர்ச்சுகல், இத்தாலி; ஐந்து ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட இல்லை.

அந்த அணியைப் பற்றி அதே ஜூன் மாதத்தில் தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென், அதில் நிறமுள்ளவர்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள் என்று பேசினார். குவாதலூப்பில் பிறந்த லிலியன் துராம் அவருக்குப் பதில் கொடுத்தார். செனகலில் பிறந்த வியேரா, காங்கோவில் பிறந்த மக்கெலேலே, அல்ஜீரியக் குடியேறிகளின் மகன் ஜிடான், கரும்புத் தோட்டக் கூலிகளின் வழியில் வந்த தோராசூ. ஐரோப்பியப் பேரரசுகள் எங்கெங்கே கை வைத்தனவோ அங்கிருந்தெல்லாம் ஆள் வந்து சேர்ந்திருந்தார்கள். ஆனால் தோராசூவின் குறை நிறம் பற்றியது அல்ல. சக கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு எளிய துயரம்.

அவர் ஒரு வேலை செய்தார். போட்டிக்குக் கிளம்புமுன் பிரெட் பூலே என்ற இசைக்கலைஞர் நண்பர் அவரிடம் ஒரு சூப்பர்-8 கேமரா கொடுத்திருந்தார். குடும்ப விசேஷங்களைப் படம் பிடிக்க ஐம்பது வருஷத்துக்கு முன் வாங்குவார்களே, அந்த மாதிரிச் சின்ன கேமரா. உள்ளிருந்து உலகக் கோப்பையைப் படம் பிடித்து வா என்று யோசனை. பிரெஞ்சு அணி தங்கியிருந்தது ஹாமெல்ன் ஊர்ப் பக்கம். குழலூதி எலிகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனவன் கதை தெரியும் அல்லவா, அந்த ஹாமெல்ன். படம் பிடிக்கத் தொடங்கியபோது வெற்றி பெற்ற அணியின் உள்கதை ஒன்று கையில் வரும் என்று இருவரும் நினைத்திருக்க வேண்டும். வந்தது வேறு. ஓட்டல் அறை, கட்டில், ஜன்னலுக்கு வெளியே மரம், நீளமான நடைவழி, தான் ஆடாத நாட்களின் சாயங்காலம். படத்துக்குப் பெயர் 'பதிலி' என்றே வைத்தார்கள், ஆங்கிலச் சொல்லிலேயே, 'சப்ஸ்டிட்யூட்'. 2007இல் வெளிவந்தது.

படம் மெதுவாகப் போகிறது என்பதை மறைக்கப் போவதில்லை. நடுவில் நான் இரண்டு தடவை எழுந்து போனேன். சுயபச்சாதாபமும் கொஞ்சம் தூக்கல். லட்சக்கணக்கில் சம்பாதித்தவர், நாட்டின் சிறந்த இருபத்து மூன்று பேரில் ஒருவராக ஐந்து நட்சத்திர ஓட்டலில் உட்கார்ந்துகொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதா என்று பிரான்ஸில் பலர் கேட்டார்கள். சக ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் ரசிக்கவில்லை. கேள்வி நியாயம்தான். ஆனாலும் ஒரு விஷயம். விளையாட்டு பற்றி எடுத்த படங்கள் எல்லாம் வென்றவனைப் பற்றியவை, அல்லது வீரமாகத் தோற்றவனைப் பற்றியவை. வேலை தெரிந்தும் கூப்பிடப்படாதவன் அந்த நேரத்தை எப்படிக் கழிக்கிறான் என்பதை அவனே கேமராவைப் பிடித்துக் காட்டியது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மில் வாசலில் தூக்கோடு நின்றவனிடம் யாரும் கேமரா கொடுக்கவில்லை.

இறுதி ஆட்டம் முடிந்த அதே ஜூலையில் யுனெஸ்கோ ஒரு அறிவிப்பு செய்தது: மொரீசியஸின் போர்ட் லூயியில் ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கிப் பதினாறு கல்படிகள் ஏறி வந்த 'ஆப்ரவாசி காட்' இனி உலகப் பாரம்பரியச் சின்னம்.

இனி வருவது அந்த வருஷ அக்டோபர். பாரிஸ் திரும்பிய தோராசூவுக்கும் பயிற்சியாளர் கீ லக்கோம்புக்கும் ஒத்துவரவில்லை. முதல் அணியில் இடமில்லை, இரண்டாம் அணியில் ஆடு என்றார்கள். மாட்டேன் என்றார். பத்திரிகையிலும் மனதில் பட்டதைச் சொன்னார். கிளப் அவரை வேலையைவிட்டு நீக்கியது. மாற்றவில்லை, விற்கவில்லை, கடனாக அனுப்பவில்லை; ஆலைத் தொழிலாளியை நீக்குவதுபோல் கடிதம் கொடுத்து நீக்கியது. பிரான்ஸில் தொழில்முறைக் கால்பந்துக்கான சாசனம் 1973இல் வந்த பிறகு ஒரு கிளப் ஓர் ஆட்டக்காரரை இப்படி நீக்கியது அதுவே முதல் தடவை.

அந்தச் சாசனம் எப்படி வந்தது என்பதில் எங்கள் ஊருக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார். ரேமோன் கோபா. பிறந்தது 1931, வட பிரான்ஸின் நிலக்கரி ஊரான நு-லெ-மீன். ஊரின் பெயரிலேயே சுரங்கம் உண்டு. குடும்பம் போலந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தது. முழுப் பெயர் கோபாஷெவ்ஸ்கி, வாயில் நுழையவில்லை என்று வெட்டிவிட்டார்கள். பதினான்கு வயதில் சுரங்கத்தில் இறங்கினார், அறுநூறு மீட்டருக்கும் கீழே. வேலை, கரி நிரப்பிய ட்ராலியைத் தள்ளுவது. அந்த வேலையில் இடது கைச் சுட்டுவிரலில் பாதி போனது. அங்கிருந்து மேலே வந்து, 1951இல் ரைம்ஸ் அணிக்குப் போய், 1956இல் ஸ்பெயினின் ரியால் மாட்ரிட்டில் சேர்ந்து, மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார். 1958இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பிரெஞ்சுக்காரர் ட்ராலி தள்ளியவர்.

ஆனால் நான் அவரைக் கொண்டுவந்தது அதற்காக அல்ல. அந்தக் காலத்து பிரான்ஸில் தொழில்முறை ஆட்டக்காரன் ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டால் முப்பத்தைந்து வயது வரை அந்தக் கிளப்பின் சொத்து. விற்பதும் நிறுத்துவதும் கிளப்பின் இஷ்டம். விட்டுப்போவது அவன் கையில் இல்லை. 1961இல் ஆட்டக்காரர் சங்கம் உருவானபோது முன்னால் நின்றவர்களில் கோபாவும் ஒருவர். 1963இல் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். கால்பந்து ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்றார். கூட்டமைப்பு அவருக்குத் தண்டனை விதித்தது. ஆறு வருஷம் கழித்து, 1969இல், காலவரம்புள்ள ஒப்பந்தம் வந்தது. 1972இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுவருஷம் சாசனம். சுரங்கத்தைப் பார்த்தவனுக்கு ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியும் என்று பெரியப்பா ஒருமுறை வேறு ஏதோ பேச்சில் சொன்னார். கோபாவை அவருக்குத் தெரியாது.

இப்போது அந்த 'இரட்டை வெட்டை' எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஒரு நாள் வராதவனுக்கு இரண்டு நாள் கூலி போனது. அந்த வழியில் வந்தவர் இரண்டாம் அணிக்கு வரமாட்டேன் என்றதற்கு வேலையே போனது. ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது, எனக்கும் தெரியும். இவர் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தவர். பத்திரிகைகள் அவர் பக்கத்தையும் எழுதின. அவருடைய நடத்தையிலும் பிடிவாதம் இருந்தது. ஆனால் ஒரு தொழிலாளி தன் முதலாளியைப் பற்றி வாய் திறந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி, சம்பளத்தில் எத்தனை பூஜ்யம் இருந்தாலும் மாறுவதில்லை என்பதை அந்த அக்டோபர் காட்டியது.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். 2007இல் இத்தாலியின் லிவோர்னோ அணி அழைத்தது. போனார்; ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வெளியே வந்தார். 2008 தொடக்கத்தில் பூட்ஸைக் கழற்றினார். சீட்டாடினார், போக்கர் போட்டிகளுக்குப் பணம் கட்டி உட்கார்ந்தார். தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதான வெறுப்பை எதிர்த்த ஒரு பாரிஸ் கால்பந்து கிளப்புக்குத் துணை நின்றார். வெற்றி தோல்வியைவிட ஆடும் சந்தோஷம் முக்கியம் என்று பேசும் இயக்கம் ஒன்றை 2011இல் நண்பர்களோடு தொடங்கினார். 2020இல் பாரிஸ் நகராட்சித் தேர்தலில் இடதுசாரிப் பட்டியலின் முகங்களில் ஒருவராக நின்று தோற்றார். பிரான்ஸுக்காக மொத்தம் 18 ஆட்டங்கள்.

அன்று ராத்திரி பெனால்டிகள் முடிந்து இத்தாலி கோப்பையைத் தூக்கியபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. ரயிலுக்குப் போக வேண்டியவர்கள் படுக்கவே இல்லை; முகம் கழுவிக்கொண்டு தூக்கில் சோற்றைப் போட்டுக் கிளம்பிவிட்டார்கள். பெரியப்பா நாற்காலியை மடித்துக்கொண்டே கேட்டார்: "அந்த தொரசாமிய கடைசி வரைக்கும் கூப்படலையா?"

"இல்ல பெரியப்பா."

"பூட்ஸ் போட்டுகினு தானே உக்காந்திருப்பான்?"

"ஆமா."

"லேஸ் கட்டிகினு?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. மறுநாள் பேப்பரில் தேடினேன். பிரான்ஸ் அணியின் படம் ஒன்று இருந்தது, ஆடிய பதினோரு பேர் மட்டும்.

(அடுத்த வாரம் நேட்டால்: 1921இல் டர்பனிலிருந்து கப்பலேறி, தாத்தா ஊரான இந்தியாவுக்குப் பந்தாட வந்த கிறிஸ்டோபர் அணி.)